பரங்கிப்பேட்டை உலையை எங்கே போய்ப் பார்ப்பது?

சவுத்தாலின் கிழக்கு எல்லையில் வின்ட்மில் லேன் என்ற சாலை கிராண்ட் யூனியன் கால்வாயைத் தாண்டிப் போகிறது. அந்த இடத்தில் கால்வாய் மண்ணில் ஓடுவதில்லை. வார்ப்பிரும்பால் செய்த நீண்ட தொட்டிக்குள் ஓடுகிறது. தொட்டிக்கும் கீழே, ஆழமாக வெட்டிய பள்ளத்தில், பிரென்ட்ஃபோர்டு நோக்கிப் போகும் ரயில்பாதை. சாலை, நீர், தண்டவாளம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிடும் இந்த அமைப்பை வடிவமைத்தவர் இசம்பார்டு கிங்டம் புருனெல். 1859 ஜூலையில் இது திறக்கப்பட்டது. செப்டம்பரில் அவர் காலமானார். 'மூன்று பாலங்கள்' என்று ஊரார் சொல்லும் இந்த இடம் இன்று சட்டப் பாதுகாப்புப் பெற்ற நினைவுச்சின்னம். நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தொட்டி தண்ணீரைத் தாங்கி நிற்கிறது.

மேற்கு லண்டனில் வாழும் தமிழர்களுக்கு இது எட்டாத தூரமில்லை. சவுத்தால் பிராட்வேயில் கீரையும் முருங்கைக்காயும் வாங்கிவிட்டு, மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் சற்றுத் தெற்கே திரும்பினால் போதும். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் இரும்பு தழைத்த அதே காலத்தில், வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் ஊதுலை ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அங்கே வார்த்த கச்சா இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தது. வின்ட்மில் லேன் தொட்டியில் நம்மூர் இரும்பு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று கிடையாது. ஆனால் இங்கிலாந்தின் இரும்புக் கதையைப் பழைய பாலத்திலும் பழைய உலையிலும் கையால் தொட்டுப் பார்க்கலாம். அதன் தமிழ்நாட்டுப் பாதியைத் தொட்டுப் பார்க்க ஓர் இடமும் இல்லை.

சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சேலம் பகுதி இரும்புத்தாதுவின் தரம் அவரை அரசுப் பணியை விடவைத்தது. ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையைக் கம்பெனியிடம் பெற்று, அதனிடமே கடனும் வாங்கி, 1830இல் பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார். பிறகு மலபாரில் பேப்பூரிலும், காவிரிக் கரையில் பூலாம்பட்டியிலும், திருவண்ணாமலையிலும் உலைகள் எழுந்தன. நிறுவனம் பல கைகள் மாறியது. 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. 1874இல் எல்லாம் முடிந்தது. ஏறத்தாழ நாற்பத்து நான்கு ஆண்டுகள். இந்தியாவில் ஐரோப்பிய ஊதுலை முறையில் தொடர்ந்து இரும்பு வார்த்த முதல் பெருமுயற்சி இது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலையின் முதல் உருக்கு 1912இல்தான் வந்தது.

ஹீத் வெற்றிடத்தில் வந்து இறங்கவில்லை. கஞ்சமலையைச் சுற்றிலும், கொங்கு நாட்டிலும், தென்னார்க்காட்டின் மேற்குப் பகுதியிலும் ஊருக்கு ஊர் இரும்பு உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த உலைகளை அவரே கவனமாக விவரித்து, 1839இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் எழுதினார். களிமண்ணால் எழுப்பிய உலை. உயரம் 3 முதல் 5 அடி. அடி பருத்து, நுனி ஒடுங்கியிருக்கும். காற்றுக்கு ஆட்டுத்தோல் துருத்தி இரண்டு. ஒன்று ஊதும்போது மற்றது காற்றை இழுக்கும், காற்று அறாது. மூன்று நான்கு மணி நேரம் கரியும் தாதுவும் மாறி மாறிப் போட்டபின் உலையின் முகத்தை உடைத்துச் செக்கச் சிவந்த இரும்புக் கட்டியை வெளியே இழுத்து, சம்மட்டியால் அடித்துக் கிட்டத்தைப் பிரிப்பார்கள்.

அதற்கடுத்த வேலை இன்னும் நுட்பமானது. அடித்துப் பதப்படுத்திய இரும்பைத் துண்டாக்கி, களிமண் மூசையில் வைத்து, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிப் போடுவார்கள். மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. மூசையின் வாயைப் பிசைந்த மண்ணால் அடைத்து, 20 அல்லது 24 மூசைகளை வளைவாக அடுக்கிக் கரிமூட்டி, இரண்டரை மணி நேரம் துருத்தி போட்டால் மூசைக்குள் இரும்பு உருகி உருக்காகிவிடும். ஆறியபின் மூசையை உடைத்தால் ஒரு கைக்குள் அடங்கும் உருக்கு வில்லை கிடைக்கும். ஆவாரையிலும் எருக்கிலும் இருக்கும் கரி இரும்பில் ஏறுகிறது. மண்ணடைப்பு வெளிக்காற்றைத் தடுக்கிறது. ஐரோப்பாவில் 'வூட்ஸ்' என்று பெயர்பெற்ற உருக்கு இதுதான்.

லண்டனுக்கு இது புதிய சரக்கல்ல. பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் அனுப்பிய மாதிரிகளைச் சோதித்து, ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்த உருக்கின்மேல் பெரும் மதிப்பு வைத்திருந்தார். அவரும் இளைஞரான மைக்கேல் ஃபாரடேயும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1819 முதல் சில ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார்கள். மின்காந்தத்துக்காக உலகம் கொண்டாடும் ஃபாரடேயின் தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று இந்தியக் கொல்லுலையின் பொருளைப் பற்றியது. வேறு உலோகங்களைக் கலந்து அதைப் போலச் செய்ய அவர்கள் முயன்றதில் கலப்பு உருக்குகளைப் பற்றிய முறையான ஆய்வு தொடங்கிற்று.

இப்படிப்பட்ட திறன் இருந்த நாட்டில், நல்ல தாதுவும் கம்பெனியின் பணமும் இருந்தும், பரங்கிப்பேட்டை ஏன் தோற்றது? கடன், நிர்வாகக் குறை, பிரிட்டிஷ் இரும்பின் விலைச்சரிவு என்று காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது விறகு என்றே நான் கருதுகிறேன்.

சிற்றுலையின் பலம் அதன் சிறுமையில்தான் இருந்தது. ஓடையில் கருமணல் அரித்தெடுக்கும் இடத்தில், கரி சுடும் காட்டின் ஓரத்தில் அதைக் கட்டலாம். பக்கத்துக் காடு மெலிந்தால் உலையை இன்னொரு குன்றடிக்கு மாற்றிக்கொள்ளலாம். களிமண்ணும் துருத்தியும்தானே முதலீடு. ஹீத்தின் உலையை அப்படி நகர்த்த முடியாது. அது கப்பலுக்காகக் கடலோரத்தில் நின்றது. தாது சேலத்திலிருந்து மாட்டுவண்டியிலும் பரிசலிலும், கொள்ளிடம், கான்சாகிப் வாய்க்கால் வழியாகவும் வந்தாக வேண்டும். ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். கரியோ இன்னும் பெரிய தொல்லை. ஒரு டன் மரக்கரி சுட நான்கைந்து டன் விறகு வேண்டும். ஊதுலையோ இரவு பகல் ஓயாமல் எரிய வேண்டும், நடுவில் அணைத்தால் உள்ளேயே உறைந்துவிடும். சுற்றுவட்டக் காடு குறையக் குறையக் கரிவண்டி வரும் தூரம் கூடிற்று. தூரம் கூடக்கூட இரும்பின் அடக்கவிலை ஏறிற்று. இங்கிலாந்து இந்தச் சிக்கலிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடுபட்டுவிட்டது. கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி 1709இல் நிலக்கரிக் கோக்கைக் கொண்டு இரும்பு வார்த்துக் காட்டினார். பரங்கிப்பேட்டைக்கு அருகில் அப்போது தோண்டக்கூடிய நிலக்கரி எதுவும் கையில் இல்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அடுத்த நூற்றாண்டின் கதை. அதுவும் ஊதுலைக்கு நேரடியாக உதவாது.

இந்த ஆலையின் பசியும், பிறகு வந்த ரயிலின் பசியும், குன்றடிச் சிற்றுலைகளின் கரியையும் விட்டுவைக்கவில்லை. 1856இல் சென்னை மாகாணத்தில் ஹியூ கிளெக்ஹார்ன் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் ராயபுரத்திலிருந்து ரயிலும் ஓடத் தொடங்கியது. 1882இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காட்டில் கரி சுடுவது அரசின் அனுமதிக்கு உட்பட்ட செயலானது. அதே ரயில் மலிவான பிரிட்டிஷ் இரும்பைச் சந்தைதோறும் இறக்கியது. கிராமத்துக் கொல்லர் பட்டறை பிழைத்தது. இறக்குமதி இரும்பை அடித்துக் கலப்பைக்கொழு செய்தார்கள். தாதுவிலிருந்து இரும்பெடுத்தவர்களுக்குத்தான் வேலை போயிற்று. ஹீத்தின் தோல்வியைப் பற்றி எழுதியவர்கள் பலர். இவர்களுடைய தோல்வி கணக்குப் புத்தகம் எதிலும் ஏறவில்லை.

ஹீத்தின் இரண்டாம் வாழ்க்கை ஷெஃபீல்டில் நடந்தது. 1839 ஏப்ரல் 5 அன்று அவர் ஒரு காப்புரிமை பெற்றார். மூசையில் உருக்கு காய்ச்சும்போது கரியேறிய மாங்கனீசைச் சிறிதளவு சேர்ப்பது அவருடைய முறை. இரும்பில் கந்தகம் இருந்தால் பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது விரிசல் விடும். மாங்கனீசு அந்தக் கந்தகத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும், இரும்பில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் நீக்கும். விலை அதிகமான சுவீடன் இரும்பு இல்லாமல், உள்நாட்டு இரும்பிலிருந்தே நல்ல உருக்கு செய்ய இது வழிவிட்டது. ஷெஃபீல்டு முழுவதும் அதைப் பின்பற்றியது, ஹீத்துக்குப் பணம் கொடுக்காமல். அவருடைய முகவராக இருந்த அன்வின், மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாக மூசையில் போட்டால் காப்புரிமை பொருந்தாது என்று வாதாடினார். ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்கு. 1851இல் ஹீத் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூசைக்குள்ளேயே அவ்விரண்டும் சேர்ந்து ஹீத் சொன்ன பொருளாகத்தான் மாறுகின்றன என்ற வேதியியல் உண்மை அவரைக் காப்பாற்றவில்லை.

இந்த மாங்கனீசு அறிவை அவர் சேலத்துக் கொல்லர்களிடமிருந்து கொண்டுபோனார் என்று சொல்ல நமக்கு ஆசை எழும். சொல்லக் கூடாது. ஆவாரையும் எருக்கும் போட்ட முறையில் மாங்கனீசுக்கு இடமில்லை. மண் மூசைக்குள் மூடிவைத்து, கரியின் அளவைக் கட்டுப்படுத்தி உருக்கு செய்யலாம் என்பதைத் தென்னிந்தியாவில் அவர் கண்ணால் கண்டு எழுதினார். அதே போன்ற மூசைக்குள் பிறகு ஷெஃபீல்டில் வேலை செய்தார். சான்று இவ்வளவு தூரம்தான் நம்மை அழைத்துப்போகிறது.

இதே எச்சரிக்கை இன்னொரு பெருமைக்கும் வேண்டும். பரங்கிப்பேட்டை இரும்பு வேல்சின் மெனாய் பாலத்திலும் பிரிட்டானியா பாலத்திலும் சேர்ந்தது என்று பழைய நூல்கள் முதல் இன்றைய கட்டுரைகள் வரை எழுதுகிறார்கள். மெனாய் தொங்குபாலம் திறக்கப்பட்டது 1826இல். பரங்கிப்பேட்டை ஆலை தொடங்கியதே 1830இல். ஆகவே அது இயலாது. ராபர்ட் ஸ்டீஃபன்சன் கட்டிய பிரிட்டானியா குழாய்ப்பாலம் 1850இல் முடிந்தது. அதுவும் மெனாய் நீரிணையின் மேல்தான் நிற்கிறது. ஒரே பாலத்தின் பெயரும் இடமும் காலப்போக்கில் இரண்டு பாலங்களாகப் பிரிந்திருக்கும் என்று எண்ணுகிறேன். அந்தப் பாலமும் 1970இல் தீப்பிடித்து, குழாய்கள் அகற்றப்பட்டு, வளைவுகளின் மேல் மறுபடி கட்டப்பட்டது. பழைய குழாயின் ஒரு துண்டைக் கரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

துண்டையாவது வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் என் கவனம் நிற்கிறது. தோற்றுப்போன ஆலையை மீட்டுக் கட்டுவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவில், மாசசூசெட்சின் சாகஸ் ஊரில் இருக்கிறது. 1646இல் லண்டன் முதலீட்டாளர்களின் பணத்தில் எழுந்த அந்த இரும்பாலைக்கு அன்று 'ஹேமர்ஸ்மித்' என்று பெயர். கடனும் வழக்கும் சூழ்ந்து, கால் நூற்றாண்டுக்குள் அது மூடிக்கிடந்தது. 1940களின் இறுதியில் ரோலண்ட் ராபின்ஸ் தோண்டத் தொடங்கியபோது உலையின் அடித்தளமும் நீர்ச்சக்கரத்தின் மரத்துண்டுகளும் மண்ணுக்குள் கிடைத்தன. அமெரிக்க இரும்பு உருக்குத் தொழிலதிபர்களின் சங்கம் செலவை ஏற்றது. உலை, பட்டறை, தகட்டை அறுத்துக் கம்பியாக்கும் ஆலை எல்லாம் மீண்டும் எழுந்து, 1954இல் மக்களுக்குத் திறந்தன. 1968இல் தேசிய வரலாற்றுத் தலமானது. 1650இன் டன்பார் போரில் பிடிபட்டு, கப்பலில் கொண்டுவரப்பட்ட ஸ்காட்லாந்துக் கைதிகள் அங்கே வேலைசெய்தார்கள் என்பதையும் அந்த இடத்தின் வரலாறு இன்று சேர்த்துச் சொல்கிறது. காலனிய இரும்பு யாருடைய உடலுழைப்பில் வந்தது என்ற கேள்வியை உலைக்கு முன்னால் நிற்கும்போது தவிர்க்க முடியாது.

லண்டனிலிருந்து போய்வரக்கூடிய இடங்களும் உண்டு. ஷ்ராப்ஷயரின் பிளிஸ்ட்ஸ் ஹில்லில், போல்டன் நகரத்தில் கடைசிவரை தேனிரும்பு செய்த வால்ம்ஸ்லி ஆலையின் சம்மட்டியையும் உருளைகளையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமானது ஷெஃபீல்டின் ஆபிடேல். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அரிவாள் செய்த ஆலை. மூசை உருக்கு காய்ச்சிய கூடம் முழுதாக எஞ்சியிருக்கிறது. களிமண்ணைக் காலால் மிதித்துப் பதப்படுத்திய அறை, மூசைகளைக் காயவைத்த அடுக்கு, தரைமட்டத்தில் உலைக்குழிகள், காற்றிழுக்கக் கீழே நிலவறை. கோக் நெருப்பிலிருந்து நீண்ட இடுக்கியால் மூசையைத் தூக்குகிறவர் காலில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்ற இடம் அது. தமிழ்நாட்டின் மேல்சிறுவளூரில் ஆய்வாளர் ஷாரதா சீனிவாசன் ஆராய்ந்த உடைந்த மூசை ஓடுகளைப் பற்றிப் படித்துவிட்டு அங்கே போகிறவர்களுக்கு, இரண்டு ஊர்களும் ஒரே தொழிலின் இரண்டு கிளைகள் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் அங்குள்ள பார்வையாளர் கண்ணில் முதலில் படுவது 1740களில் அந்த ஊரில் மூசை உருக்கைக் கண்டுபிடித்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன்தான், சேலம் எட்டிப்பார்ப்பதில்லை.

நம்மூரில் இரும்பைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. கொடுமணலின் உலைகளைக் கா. ராஜன் முதலியோர் தோண்டியெடுத்தார்கள். மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிப்பு வந்தது. சிவகளை மாதிரிகள் கி.மு. 3345 வரை போகின்றன என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. இவற்றில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தொன்மையிலிருந்து நேராகச் சேலம் உருக்காலைக்குத் தாவிவிடுகிறோம். நடுவில், நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் காலத்தில், உயிரோடு இருந்த தொழில் எப்படி நின்றது என்று கேட்பதில்லை. தொடக்கத்தைக் கொண்டாடும் அளவுக்கு முடிவையும் ஆராய வேண்டாமா? முடிவு நமக்கு ஆவணங்களோடு கிடைக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய பதிவேடுகள் செயின்ட் பாங்க்ராஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வாசகர் அட்டை இருந்தால் யாரும் எடுத்துப் படிக்கலாம். லண்டனில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுப்பொருள் எளிதில் கிடைக்காது.

பரங்கிப்பேட்டையில் மீட்டுக் கட்டுவதாக இருந்தால் ஹீத்தின் உலையை மட்டும் கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது தனியாக நின்றால், அறியாத நாட்டுக்கு ஐரோப்பியர் இரும்பைக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற பொய்யைச் செங்கல்லில் எழுதியதாகிவிடும். சிற்றுலையை மட்டும் கட்டினாலும் போதாது. காணாமல்போன பொற்காலம் என்ற இன்னொரு எளிய கதையாக அது முடியும். ஆளுயரத்துக்கும் குறைவான களிமண் உலையும், ஆட்டுத்தோல் துருத்தியும், மூசை அடுப்பும் ஒரு பக்கம், ஊதுலை மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒவ்வொன்றும் தின்னும் கரியின் குவியல். அந்தக் குவியல்களின் வேறுபாட்டைக் கண்ட பள்ளிக்கூடப் பிள்ளைக்கு, காடு ஏன் போயிற்று, ஆலை ஏன் நின்றது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளாற்றுக் கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் ஏற்கெனவே இருக்கிறது. வெளியூர் மாணவர்கள் வந்துபோகும் ஊர்தான் அது.

கஞ்சமலையடியில் நிற்கும் சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் உற்பத்திக்கு வந்தது. அந்த மலையின் தாதுவை நம்பித்தான் அதற்குத் திட்டமிட்டார்கள். இறுதியில் வெளியிலிருந்து வரும் உருக்கைத் தகடாக்கும் ஆலையாகத்தான் அது எழுந்தது. சாகஸுக்கு அமெரிக்க உருக்குத் தொழில் பணம் கொடுத்ததைப் போல, பரங்கிப்பேட்டைக்கு இந்தப் பொதுத்துறை ஆலை கைகொடுக்கலாம். தாதுவுக்கு ஓடையில் அரித்த கருமணல் சில மூட்டை போதும். கரிக்குக் காட்டைத் தொடவே வேண்டாம். இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவர்கள் இன்றும் அதே தொழிலில் இருக்கிறார்கள். சிற்றுலைக்கு எவ்வளவு கரி, எந்த அளவில் உடைத்த கரி, எத்தனை மணி நேரத் துருத்தி என்பதை முதலில் அவர்களோடு உட்கார்ந்து செய்துபார்க்க வேண்டும்.